டப்பாவுக்குள் டாரன்டுலா தேவைதானா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



நாய் வளர்க்கிறார்கள், பூனை வளர்க்கிறார்கள், லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார்கள், கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் வளர்க்கிறார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் எட்டுக்கால் பூச்சியைக் காசு கொடுத்து வாங்கி, டப்பாவில் குடிவைத்து, அதற்கு ஒரு செல்லப் பெயரும் சூட்டி வளர்க்கிறார்கள் என்றால் நம் தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனை பேர் நம்புவார்கள்? "போடா, ஒனக்கு வேற வேலையே இல்லியா?" என்றுதான் கேட்பார்கள்.

நம்பித்தான் ஆக வேண்டும். உலகம் முழுக்க டாரன்டுலா என்னும் மயிர்ச்சிலந்தியை வளர்ப்பது ஒரு பெரிய பொழுதுபோக்காகி விட்டது. அதிலும் இப்போது நம் வயசுப் பையன்களுக்குப் பிடித்திருப்பது குட்டை டாரன்டுலா. பெரிய இனங்களைப் போல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இது வளராது. காலை விரித்தாலும் சில இனங்கள் ஒரு தீப்பெட்டி நீளம்தான் இருக்கும். இடம் அடைக்காது, சத்தம் போடாது, வார்டனுக்கும் தெரியாது. ஹாஸ்டல் மாணவனுக்கு வேறென்ன வேண்டும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலந்தி வளர்ப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல. அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பார்சலில் வரும் டாரன்டுலாவை வாங்குவது தவறு. அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள நம் காவிரிப் படுகையிலேயே நல்ல வழி ஒன்று இருக்கிறது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பயப்படத்தான் வேண்டுமா?

"எட்டுக்கால் பூச்சி மேல ஓடுனா தடிச்சுப் போயிடும், ஒதறுடா!" என்று அப்பாயி கத்துவதைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். வீட்டில் சிலந்தியைக் கண்டதும் முதலில் கை போவது விளக்குமாற்றுக்குத்தான். ஆனால் இதே காவிரிக் கரையில், திருவானைக்காவில், சுவாமியின் மேல் இலைச் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தியின் கதையைச் சொல்கிறோம். அந்தச் சிலந்தியே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினான் என்று தலபுராணம் சொல்கிறது. கோயிலில் கும்பிடுகிற சிலந்தியை வீட்டில் அடித்துக் கொல்கிறோம்!

டாரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக மருத்துவ உலகில் உறுதியான பதிவு கிடையாது. 2012-இல் அசாம் மாநிலம் சாதியாவில் சிலந்திகள் கூட்டமாக வந்து கடித்து இருவர் இறந்துவிட்டதாக நாடெங்கும் பரபரப்பாகச் செய்தி வந்தது. ஆனால் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. கடிவாயைப் பிளேடால் கீறி நாட்டு வைத்தியம் பார்த்ததும் பிறகுதான் தெரியவந்தது. சாவுக்குக் காரணம் விஷமா, பிளேடா என்பது கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை.

அதற்காக, ஒன்றுமே செய்யாத சாது என்றும் நினைத்துவிடக் கூடாது. தென் அமெரிக்க, மெக்சிகோ இனங்களில் பல, கோபம் வந்தால் பின்காலால் வயிற்று மயிரைத் தேய்த்துப் பறக்கவிடும். அது தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் வைத்தியரிடம் ஓட வேண்டியதுதான். நம் இந்திய, இலங்கை இனங்களுக்கு இந்த மயிர் ஆயுதம் இல்லை. அதற்குப் பதிலாகக் கடி பலமானது. மரத்தில் வாழும் பொசிலோதீரியா இனம் கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும். ஆக, பயம் வேண்டாம், மரியாதை வேண்டும்.

சிலந்திக்குள் ஒரு ஜே.சி.பி.

டிப்ளமோ படிக்கும் நமக்குச் சிலந்தி பிடித்துப் போக நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. சிலந்தியின் காலில் சில முக்கியமான மூட்டுகளை மடக்கத் தசை உண்டு. நீட்டத் தசை கிடையாது! பிறகு எப்படி நீட்டுகிறது? உடம்புக்குள் இருக்கும் ரத்தத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தி நீட்டுகிறது. அச்சு அசல் ஹைட்ராலிக்ஸ்! ஜே.சி.பி.யின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீளுகிறதல்லவா, அதே தத்துவம்தான். செத்த சிலந்தியின் கால்கள் ஏன் உள்பக்கம் சுருண்டு கிடக்கின்றன என்பதும் இப்போது விளங்கியிருக்கும். பம்ப் நின்றுபோனால் பிரஷர் இல்லை. பிரஷர் இல்லாவிட்டால் கால் மடங்கிவிடும்.

இந்த விஷயம் தெரிந்தவனுக்கு அடுத்த விஷயமும் தானாகப் புரியும். அழுத்தத்தில் இயங்கும் உடம்பு என்பதால், டாரன்டுலா இடுப்பு உயரத்திலிருந்து கீழே விழுந்தால்கூட வயிறு வெடித்து ரத்தம் வடிந்து செத்துப்போகக் கூடும். ஆகவே அதைக் கையில் எடுத்து விளையாடுவதும், தோளில் ஏற்றி போட்டோ எடுப்பதும் வீரம் அல்ல. அது நாயைப் போல் நம்மை அடையாளம் கண்டு வாலாட்டப் போவதில்லை. நாம் அதைத் தொடாமல் இருப்பதுதான் அதற்கு நாம் செய்யும் முதல் உபசாரம்.

வளர்ப்பது எப்படி?

முறையாக வளர்ப்பவர்கள் எப்படி வளர்க்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டால்தான் இது எத்தனை பொறுமை கேட்கும் வேலை என்று புரியும்.

குட்டை டாரன்டுலாவின் குஞ்சு கடுகு அளவுதான் இருக்கும். மூடியில் ஊசியால் துளையிட்ட சின்ன டப்பா போதும். துளை குஞ்சைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலை டப்பா மட்டும்தான் இருக்கும். அடியில் தென்னை நார்க்கழிவை நிரப்ப வேண்டும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கயிற்று ஆலைகளில் குவிந்து கிடக்கிறதே, அதேதான். வெளிநாட்டுச் சிலந்தி வளர்ப்பவர்களும் அதைத்தான் கட்டியாக வாங்கித் தண்ணீரில் ஊறவைத்துப் போடுகிறார்கள். குட்டை இனங்களில் பல, வளை தோண்டி, உள்ளே பட்டுப்போல் வலை நெய்து வாழ்பவை. ஆகவே மண் ஆழமாக இருக்க வேண்டும். மேலே காலியிடம் குறைவாக இருக்க வேண்டும். ஏறி விழாமல் இருக்க அதுவே பாதுகாப்பு. ஒரு ஓரம் லேசான ஈரமாகவும், மறு ஓரம் காய்ந்தும் இருந்தால் தனக்குப் பிடித்த இடத்தை அதுவே தேர்ந்துகொள்ளும். பெரிதான பிறகு தண்ணீருக்கு ஒரு பாட்டில் மூடி.

சாப்பாடு வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. சில்வண்டோ, சின்னக் கரப்பானோ, அதன் வயிற்றைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது. தின்னாமல் விட்டதை மறுநாள் எடுத்துவிட வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சட்டை உரிக்கும் சமயத்தில் சிலந்திதான் இரையாகும். சில்வண்டு அதைக் கடித்துத் தின்றுவிடும்!

சட்டை உரிப்பதுதான் சிலந்தியின் வாழ்க்கையில் பெரிய கண்டம். அதற்கு முன்பு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். பிறகு மல்லாந்து படுத்துக்கொண்டு, பழைய தோல் முழுவதையும், கால் விரலுக்குக் கையுறை கழற்றுவது போலக் கழற்றி வெளியே வரும். அந்த நேரத்தில் டப்பாவை ஆட்டக்கூடக் கூடாது. புதுப்பல் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அது கறுத்துக் கெட்டியாகும்வரை இரை போடக் கூடாது.

என் ஊர்க்கார நண்பன் ஒருவன் 3,000 ரூபாய் கொடுத்து ஒரு குட்டை டாரன்டுலா வாங்கி வைத்திருந்தான். ஒருநாள் காலையில் போன். "மாப்ள, செத்துப்போச்சுடா. மல்லாக்கக் கெடக்கு. பேனாவால புரட்டிப் போட்டேன், அசையவே இல்ல." செத்த சிலந்தி கால் சுருண்டு கிடக்கும், மல்லாந்து படுத்தது சட்டை உரிக்கத்தான். அவன் புரட்டியதற்குப் பிறகுதான் உண்மையாகவே செத்தது. விற்றவன் பணத்தை வாங்கிக்கொண்டானே தவிர, இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷமாகப் பாக்கெட் மணியில் மிச்சம் பிடித்த காசு அது. காசு போனதுகூடப் பெரிதில்லை, எங்கோ பிறந்த ஓர் உயிர், தன் போக்கில் தோல் உரித்துக்கொண்டிருந்த நேரத்தில் தெரியாத்தனத்தால் போனது.

நம்ம ஊர் வெயிலும் கொசுவத்தியும்

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்தச் சிலந்திகளில் பலவற்றுக்கு நம் உடம்புக்கு இதமான சூடே இதம். சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர் வெயில் 38, 40 டிகிரியைத் தொடுகிறது. மேல்மாடி ஹாஸ்டல் அறையில், கரண்ட் போன மத்தியானத்தில், ஜன்னலோரம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் என்ன சூடு இருக்கும்? நமக்காவது விசிறிக்கொள்ள நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

அடுத்தது கொசு. ஆற்றுப் பாசனத்து ஊரில் கொசுவத்தி இல்லாமல் தூங்க முடியுமா? கொசுவைக் கொல்லும் அந்த மருந்து சிலந்தியையும் கொல்லும். சரி, இரைக்கு என்ன செய்வது? "வயல்ல வெட்டுக்கிளிக்கா பஞ்சம்?" என்று பிடித்து வந்து போடுவார்கள். முந்தாநாள் மருந்து அடித்த வயலாக இருந்தால், அந்த வெட்டுக்கிளி வழியாகவே விஷம் உள்ளே போகும். எறும்பு வேறு. அந்தக் காலத்தில் அப்பாயி பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைப்பார்களே, அதே ஏற்பாடு சிலந்தி டப்பாவுக்கும் தேவை.

இதையெல்லாம் கவனித்துச் செய்பவன் பல வருஷம் செய்ய வேண்டும். ஆண் சிலந்திக்கு ஆயுள் குறைவு. பெண் சிலந்தி அப்படியில்லை. குட்டை இனமானாலும் வருஷக்கணக்கில் வாழும், மெக்சிகோவின் பெரிய இனங்களில் 20 வருஷம் தாண்டியவையும் உண்டு. மூன்று வருஷ டிப்ளமோ முடித்து ஓசூருக்கோ, ஸ்ரீபெரும்புதூருக்கோ வேலைக்குப் போகும்போது டப்பாவை யாரிடம் கொடுப்பீர்கள்? "வெளியில விட்டுட வேண்டியதுதான்" என்பார்கள் சிலர். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்படித்தான் ஆயிற்று. மெக்சிகோ பக்கத்து டாரன்டுலா ஒன்று அங்கே ஓர் ஆரஞ்சுத் தோப்பில் குடியேறிப் பெருகியிருப்பது 1996-இல் தெரியவந்தது. வளர்ப்புச் சந்தையிலிருந்து தப்பியோ, விடப்பட்டோ வந்ததாகவே கருதுகிறார்கள். ஒரு ஊர்ப் பிராணியை இன்னொரு ஊரில் அவிழ்த்துவிடுவது விளையாட்டில்லை. ஆகாயத்தாமரை அடைத்த நம் வாய்க்கால்களைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கிருந்து வருகிறது?

2021 ஜூலை மாதம் சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்துக்குப் போலந்து நாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. போக வேண்டிய முகவரி நம் அருப்புக்கோட்டை. சுங்க அதிகாரிகள் சந்தேகப்பட்டுப் பிரித்தார்கள். உள்ளே ஒரு தெர்மோகோல் பெட்டி. அதில் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிக்கு ஒன்றாக உயிருள்ள சிலந்தி! வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவும், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை விஞ்ஞானிகளும் வந்து பார்த்து, அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலா வகைகளாக இருக்கலாம் என்றார்கள். இறக்குமதி உரிமம் கிடையாது, சுகாதாரச் சான்றிதழ் கிடையாது. பார்சல் திரும்பவும் போலந்துக்கே அனுப்ப ஒப்படைக்கப்பட்டது. யோசித்துப் பாருங்கள். 107 உயிர்கள், பஞ்சில் சுருட்டப்பட்டு, கடல் தாண்டி வந்து, மறுபடி கடல் தாண்டிப் போக வேண்டும்!

வெளியிலிருந்து வருவது ஒருபுறம். நம்மிடமிருந்து போனது இன்னொரு கதை. ஆந்திராவில் கூத்தி என்ற ரயில் சந்திப்பு இருக்கிறது. அங்கே ரயில்வே மரக்கட்டைகளுக்கு இடையில் கிடைத்த நீலநிற டாரன்டுலாவை 1899-இல் போகாக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பெயரிட்டு எழுதினார். அதன் பிறகு நூறு வருஷத்துக்கு யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான டப்பாக்களில் அந்த நீலச் சிலந்தி வளர்கிறது. ஆனால் சொந்தக் காட்டில்? 2008-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மிகவும் ஆபத்தான நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. டப்பாவில் பெருகியதால் காட்டில் அது காப்பாற்றப்பட்டுவிடவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் ராமேஸ்வரத்திலேயே ஒன்று இருக்கிறது. ஹனுமவிலாசம் என்ற கோயிலின் பெயரையே வைத்து 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் விவரித்த டாரன்டுலா அது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் புளிய மரங்களிலும் தோப்புகளிலும் வாழ்கிறது. அதுவும் அதே ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது. ஒரு புளியமரத்தை வெட்டினால் ஒரு குடும்பமே போய்விடும். கோவையிலுள்ள ஜூ அவுட்ரீச் அமைப்போடு சேர்ந்து மஞ்சு சிலிவால், சஞ்சய் மோலூர் போன்றவர்கள் நம் நாட்டு டாரன்டுலாக்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டிருக்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளை தோண்டி வாழும் குட்டை இனங்கள் உண்டு. அவற்றைத் தோண்டி எடுத்து விற்பவனுக்கு அது ஒரு சரக்கு. நமக்கோ, இன்னும் முழுதாகப் படித்து முடிக்காத ஒரு பாடம்.

"அதெல்லாம் பண்ணையில பொறந்ததுடா!"

இப்படிச் சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. பண்ணையில் பிறந்த சிலந்தியை வாங்கினால் காட்டுக்கு நஷ்டமில்லை. வளர்த்துப் பழகினால் சிலந்திப் பயம் போகும். பயம் போனால் கொல்லாமல் விடுவோம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடுகு அளவு குஞ்சைக் குப்பியில் பார்த்து, இது பண்ணையா காடா என்று எப்படிச் சொல்வீர்கள்? அதைச் சொல்லக்கூடியது காகிதம் ஒன்றுதான். அந்தக் காகிதம் இல்லாமல் வருவதுதான் நம் கைக்கு வருகிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மெக்சிகோவின் சிவப்பு மூட்டு டாரன்டுலா 1985 முதலே சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. நம் பொசிலோதீரியா இனம் முழுவதும் 2019-இல் சேர்க்கப்பட்டது. நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியை வைத்திருப்பவர் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும். குட்டை டாரன்டுலாக்களில் பல அந்தப் பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் உயிருள்ள பிராணியை உரிமமும் சுகாதாரச் சான்றும் இல்லாமல் தபாலில் வரவழைத்தால் சுங்கச் சட்டம் சும்மா விடாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் வயசில் கேஸ் எதற்கு நண்பர்களே?

நம் வயலிலேயே ஒரு டாரன்டுலா!

இப்போது வேடிக்கையான ஒரு விஷயம். டாரன்டுலா என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இத்தாலியில் டாரன்டோ என்று ஒரு துறைமுக ஊர். அந்தப் பக்கத்து வயல்களில் ஓடித்திரிந்த ஒரு சிலந்தி கடித்தால், களைத்து விழும்வரை ஆடினால்தான் விஷம் இறங்கும் என்று அந்தக் காலத்து ஜனங்கள் நம்பினார்கள். டாரன்டெல்லா நடனம் அப்படி வந்ததாகச் சொல்வார்கள். அந்த டாரன்டோ சிலந்தி மயிர்ச்சிலந்தி இனமே அல்ல; அது ஓநாய்ச்சிலந்தி! பின்னால் அமெரிக்கா போனவர்கள் அங்கே பார்த்த பெரிய மயிர்ச்சிலந்திகளுக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஆக, பெயருக்கு முதல் உரிமைக்காரன் ஓநாய்ச்சிலந்திதான்.

அந்த ஓநாய்ச்சிலந்தியின் சொந்தக்காரன் நம் குறுவை வயலில் ஓடிக்கொண்டிருக்கிறான். நாற்று நட்ட கொஞ்ச நாளில் வந்துவிடுவான். முதுகில் கவட்டைபோல் ஒரு கோடு. வலை கட்டுவதில்லை. நெற்பயிரின் அடித்தூரில் சுற்றுவான். கலைத்தால் தண்ணீர் மேலேயே ஓடுவான். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிவரை பிடித்துத் தின்பான் என்று பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் எழுதியிருக்கிறார்கள். அதில் முக்கியமான இரை, நம் விவசாயிகளின் வயிற்றைக் கலக்கும் புகையான்.

டப்பாவில் சிலந்தி வைத்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் இவனை வைத்துப் பாருங்கள். காசு வேண்டாம், பார்சல் வேண்டாம், வெயில் கொசுவத்தித் தொல்லையும் ஒரு மாதத்தோடு சரி. அகலமான கண்ணாடி ஜாடி, அடியில் வயல் மண், ஓரத்தில் ஈரம், மூடியில் வலைத்துணி. ஒரு ஜாடிக்கு ஒரே ஒரு சிலந்தி. இரண்டு போட்டால் ஒன்றுதான் மிஞ்சும். மருந்து அடிக்காத இடத்திலிருந்து சின்னப் பூச்சி இரை. கையால் தொட வேண்டாம். டம்ளரைக் கவிழ்த்து, அட்டையைச் செருகி எடுங்கள். முட்டைப்பையோடு இருக்கும் பெண்ணாகக் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்! உருண்டையான பையைப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு அலையும் அந்தத் தாய், குஞ்சு வெளிவரும் சமயத்தில் பையைக் கிழித்துக் கொடுக்கும். 60, 80 குஞ்சுகள் அம்மாவின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். சென்னையிலிருந்து யாரும் இதற்கு 3,000 ரூபாய் கேட்க மாட்டார்கள். குஞ்சுகள் இறங்கத் தொடங்கியதும் எடுத்த வயலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். இதன் ஆயுளே மூன்று, நான்கு மாதம்தான். அதை முழுக்க ஜாடியில் கழிக்க வைப்பது நியாயமில்லை.

இப்படி ஒரு மாதம் பார்த்தவனுக்கு இன்னொரு கேள்வி தானாக வரும். நூறு ரூபாய் மருந்தை முதுகில் சுமந்து போய் அடிக்கிறோமே, அது புகையானை மட்டுமா கொல்கிறது? சம்பளமில்லாமல் வேலை செய்யும் இந்த ஆளையும் சேர்த்தல்லவா கொல்கிறது! மருந்து அடித்தபிறகு புகையான் சீக்கிரம் பெருகிவிடும். சிலந்தி அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. இந்தோனேசியாவில் இதே தவறு நடந்து, புகையானால் பயிர் அழிந்து, 1986-இல் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டது. நம் பக்கத்திலேயே, 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண்துறைக்காரர்களும் நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்று எண்ணிப் பார்த்துவிட்டு மருந்தை எடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எண்ணிப் பார்க்க முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! "பூச்சின்னா எல்லாம் பூச்சிதான் தம்பி, அடிச்சு வுடு" என்பதுதான் வரப்பில் கேட்கும் பதில். அந்தப் பதிலை மாற்ற, ஜாடியில் ஒரு மாதம் ஓநாய்ச்சிலந்தி வைத்துப் பார்த்த பையன் ஒருவன் வீட்டுக்கு வீடு இருந்தால் போதும்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த தொழில்நுட்பக் கண்காட்சியில் ஒரு மேசையைச் சிலந்திக்கு ஒதுக்குங்கள். ஒர்க்ஷாப்பில் நாமே அக்ரிலிக் தகட்டை வெட்டி நான்கு பெட்டி செய்வோம். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் உள்ளே சூடும் ஈரப்பதமும் காட்டும் சர்க்யூட் ஒன்று செய்து தரட்டும். வயலிலிருந்து வந்த நான்கு ஓநாய்ச்சிலந்திகளை மூன்று நாள் வைப்போம். பக்கத்தில் ஹைட்ராலிக் காலுக்கு ஒரு மாடல். பார்க்க வரும் விவசாயிகளிடம் புகையானையும் சிலந்தியையும் அடுத்தடுத்து லென்ஸில் காட்டுவோம். கண்காட்சி முடிந்ததும் நால்வரையும் வயலுக்கு வழியனுப்புவோம். டாரன்டுலா வாங்க ஆசைப்படும் நண்பனிடம் அன்றைக்கு நிதானமாகப் பேசலாம்: "டேய், காகிதத்தோட வந்தா வாங்கு. இல்லாட்டி வேணாம்."

ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் ஓர் உயிரை வளர்க்க ஆசைப்படுகிறவன், அது எங்கே பிறந்தது, எப்படி வந்தது, என்ன தின்னும், எதனால் சாகும் என்ற நான்கு கேள்விக்கும் பதில் தெரிந்துகொண்ட பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். பதில் தெரியாத உயிரை விலைக்கு வாங்காதீர்கள். பதில் தெரிந்த உயிர் நம் வரப்போரத்திலேயே இருக்கிறது. அதைக் கொல்லாமல் விடுங்கள்.

சிந்திப்போம் நண்பர்களே!